குளிர் கேட்டதும் கேட்காததும்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம், அலுவலகத்தில் ஒரு பிரசன்டேஷன் கொடுத்தேன். அந்த வருடம் எங்கள் குழுவின் பட்ஜெட்டை வெட்டியிருந்தார்கள். ஆள் பாதி, வேலை அதே. 'டீமைக் கொஞ்சம் உற்சாகப்படுத்தணும்' என்று மேலிடத்தில் முடிவு செய்து அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். இலக்கியம் கிலக்கியம் என்று பேசிக்கொண்டு திரிகிறவனுக்கு வரும் வினை இது. நான் தயாரித்த முதல் ஸ்லைடில் ஒரு க்வில்ட்டின் படம் இருந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், ஆனி மே யங் என்ற பெண் 1976ல் தைத்தது. சுற்றிலும் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த வெளிறிய டெனிம். நடுவில், அடுப்பைத் திறந்த மாதிரி, சிவப்பும் பொன்பழுப்புமான கார்டுராய்ப் பட்டைகள். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தேன்: 'கட்டுப்பாடே படைப்பூக்கத்தின் தாய்.'

கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் சகபொறியாளர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். கறுப்பினப் பெண், பூர்வீகம் அலபாமா. அந்தப் படத்தைப் போட்டதில் தனக்கு சந்தோஷம் என்றார். பிறகு சாதாரணமாக, காபிக் கோப்பையை ஊதிக்கொண்டே, "ஆனா அந்தக் கட்டுப்பாட்டை யார் போட்டாங்கன்னு ஸ்லைடுல இல்லையே" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வியோடுதான் அந்தத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜீஸ் பெண்ட் க்வில்ட்களைப் பற்றி 2002க்குப் பிறகு எழுதப்பட்ட கலைவிமர்சனத்தில் பெரும்பகுதி, கொஞ்சம் மெருகேறிய வடிவில், என் ஸ்லைடு சொன்னதையேதான் சொல்கிறது. அதனால் இந்தக் கட்டுரையை என்மீதான விமர்சனமாகவும் வாசிக்கலாம்.

க்வில்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது மூன்று அடுக்குப் போர்வை. மேலே, துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த முகத்துணி. நடுவில் பஞ்சு. கீழே முரட்டுத் துணியில் ஒரு முதுகு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டம். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த போர்வையில் படுத்து வளர்ந்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஜீஸ் பெண்ட், அலபாமா ஆறு லாடம்போல வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் ஒரு நிலத்துண்டு. 1816ல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1840களில் அது மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போனது. அவர் வடக்குக் கரோலினாவிலிருந்து தன் அடிமைகளை, சுமார் நூறு பேரை, நடத்தியே கூட்டிவந்தார் என்பது அந்த ஊரின் ஆதிக்கதை. ஊரில் இன்று எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு பெட்வே திறக்கக்கூடும். எஜமானின் பெயர் அது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் அதே நிலத்தில், அதே பருத்தியை, வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் வியாபாரியிடம் கடன். அறுவடையில் கடன் கழியும், அல்லது கழியாது. பெரும்பாலும் கழியாது.

1932ல் அப்படிக் கடன் கொடுத்துவந்த ஒரு வியாபாரி இறந்துபோனார். பாக்கியை வசூலிக்க அவர் குடும்பம் ஆள் அனுப்பியது. சுமார் 60 குடும்பங்களிடமிருந்து கோவேறு கழுதை, மாடு, கோழி, ஏர், வண்டி, களஞ்சியத்துச் சோளம் என்று எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நம்மூர் மொழியில் சொன்னால் ஜப்தி. நடந்தது குளிர்காலத்துக்கு முன்பு. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவைக் கொண்டு அந்தக் குளிரைத் தாண்டினார்கள்.

அலபாமாவின் குளிர் மினசோட்டாவின் குளிர் மாதிரி இல்லை. பனி அபூர்வம். ஆனால் ஜனவரி இரவுகளில் உறைநிலையை ஒட்டி இறங்கும், ஈரத்தோடு இறங்கும். அன்றைய வீடுகள் மரக்கட்டைகளை அடுக்கி இடைவெளியில் களிமண் பூசியவை. களிமண் உதிர்ந்த இடத்தில் காற்று உள்ளே வரும். அதை அடைக்க சுவர் முழுக்கச் செய்தித்தாளும் சஞ்சிகைப் பக்கங்களும் ஒட்டினார்கள். 1937ல் அரசாங்கத்துக்காகப் படமெடுக்க வந்த ஆர்தர் ரோத்ஸ்டைன் எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. மரவீட்டின் சன்னலில் ஒரு சிறுமி நிற்கிறாள். சன்னல் கதவில் ஒட்டிய செய்தித்தாளில், உணவுத்தட்டை ஏந்திச் சிரிக்கும் ஒரு பெண்ணின் விளம்பரம். அந்த விளம்பரத்துக்கு அங்கே இருந்த ஒரே வேலை காற்றைத் தடுப்பது.

க்வில்ட்டின் வேலையும் அதுதான். ஒரு கட்டிலுக்கு ஒன்று போதாது, பலவற்றை அடுக்க வேண்டும். சில மேலே, சில மெத்தையாகக் கீழே, சில கதவிலும் சன்னலிலும் தொங்க. பஞ்சு அறுவடைக்குப் பின் வயலிலும் அரவை ஆலையின் தரையிலும் மிஞ்சியது. அதைக் கோலால் அடித்து உதறிப் பரப்பினார்கள். முதுகுத்துணி பெரும்பாலும் உர மூட்டையும் மாவு மூட்டையும். முகத்துணி உழைத்துக் கிழிந்த ஓவரால், சட்டை, பாவாடை.

பொறியாளனாக எனக்குப் பிடித்த பகுதி இது. க்வில்ட் சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டைப் போகவிடாமல் காற்றைச் சிறைப்பிடிக்கிறது. அந்தக் காற்றை வைத்திருப்பது நடுவில் இருக்கும் பஞ்சு. சும்மா விட்டால் பஞ்சு ஒரு மூலையில் திரண்டுகொள்ளும், மற்ற இடம் வெறும் துணியாகிவிடும். அதனால்தான் நூலோட்டம். நெருக்கமாக ஓட்டினால் பஞ்சு நகராது. ஆனால் தையல் போட்ட இடமெல்லாம் அமுங்கி, அங்கே காற்று குறைந்து சூடு கசியும். எவ்வளவு நெருக்கம் போதும் என்பது கணக்கு. அந்தப் பெண்களின் விரல்களுக்கு அது தெரியும்.

ஆக, குளிர் கேட்டது என்னென்ன என்று பட்டியல் போடலாம். மூன்று அடுக்கு. இவ்வளவு பஞ்சு. இவ்வளவு நெருக்கமான தையல். இத்தனை எண்ணிக்கை. டிசம்பருக்கு முன்னால். பட்டியல் இங்கேயே முடிந்துவிடுகிறது. வெளிறிய நீலத்துக்கு நடுவில் சிவப்பை வை என்று குளிர் கேட்கவில்லை. ஒரு பட்டையைக் கொஞ்சம் சாய்த்துத் தை என்றும் கேட்கவில்லை. அதெல்லாம் கட்டுப்பாட்டின் குழந்தை என்று என் ஸ்லைடு சொன்னது. கட்டுப்பாட்டுக்கு அதில் பங்கே இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க மிசூரி பெட்வே 1942ல் தைத்த க்வில்ட்டை எடுத்துக்கொள்கிறேன். அவர் கணவர் நதானியேல் நோயில் கிடந்து இறந்துபோனார். அவருடைய வேலை உடுப்புகளை மிசூரி எடுத்து, தன் பதின்வயது மகள் ஆர்லான்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கிழித்துத் தைத்தார். கணவரின் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்கப்போவதாக அம்மா சொன்னதை ஆர்லான்சியா பல வருடங்கள் கழித்து நினைவுகூர்ந்தார். அவர் சொல்லாமல் போயிருந்தால் நமக்கு அது வெறும் வடிவம். நீலம், சாம்பல், பழுப்பு, செவ்வகங்கள், பட்டைகள் என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம்.

இந்த வகை வேலை உடுப்பு க்வில்ட்களில் அடிக்கடி ஒன்றைப் பார்க்கலாம். வெளுத்த கால்சட்டைத் துணியின் நடுவே, திடீரென்று அடர்நீலத்தில் ஒரு சதுரம். முதலில் வேறு துணியை ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, அதே துணிதான். அங்கே பாக்கெட் இருந்திருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து எடுத்தபோது, வெயில் படாத இடம் பழைய நிறத்திலேயே வெளியே வந்திருக்கிறது. முழங்கால் இருந்த இடம் நைந்து வெண்மையாக இருக்கும். அந்தக் கால்சட்டை எத்தனை வருடம் எந்த வேலை செய்தது என்பதை அது சொல்லிவிடும். ஒரு மனிதன் வயலில் குனிந்த கணக்கு.

போர்வைக்கு இந்தச் சதுரம் தேவையில்லை, சூடு கூடப்போவதில்லை. வெட்டி உள்ளே மடித்திருக்கலாம், மறுபக்கத்தைத் திருப்பித் தைத்திருக்கலாம். தைத்தவர் அதை வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார். துணி பற்றாக்குறை, வேறு வழியில்லை என்று ஒருவர் சொல்லலாம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒன்றுக்குப் பத்து க்வில்ட்களைப் பார்க்கும்போது, அந்த அடர்ந்த சதுரங்கள் எங்கே வருகின்றன, எதற்கு எதிரே வருகின்றன என்று பார்த்தால், கண் வைத்து அமர்த்திய இடங்கள் என்றே தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரே லொரெட்டா பெட்வேயை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நானும் உருகி வழிந்து இன்னொரு ஸ்லைடு செய்துவிடுவேன். அவர் 1942ல் பிறந்தவர். கடினமான வாழ்க்கை. தனக்குத் தையல் பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். செய்ய விருப்பமே இல்லை, வீடு குளிர்ந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் தைத்தேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 2015ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது ஜீஸ் பெண்டின் மூன்று பேருக்குக் கிடைத்தது. மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, அப்புறம் தையல் பிடிக்காத லொரெட்டா.

'லேஸி கேல்' என்று அங்கே ஒரு வகை உண்டு. சோம்பேறிப் பெண் என்று அர்த்தம். நீளநீளமான பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுவது. இருக்கிற முறைகளிலேயே இணைப்பு குறைவு, சீக்கிரம் முடியும். 1965 வாக்கில் லொரெட்டா தைத்த ஒரு லேஸி கேல் இன்று அவருடைய மிகப் புகழ்பெற்ற வேலைகளில் ஒன்று. பிடிக்காத வேலையை விரைவாக முடிக்க நினைக்கும் எவரும் தேர்ந்தெடுக்கும் முறை அது. நான் பிடிக்காத கோடை எழுதும்போது செய்வதும் இதுதான், இருப்பதிலேயே குறுக்குவழி. ஆனால் என் குறுக்குவழியை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். லொரெட்டாவின் பட்டைகளுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அகலங்கள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு பட்டையும் பக்கத்துப் பட்டைக்குப் பதில் சொல்கிறது. களைத்துப்போன, விருப்பமில்லாத, நேரமில்லாத ஒருவர் செய்தது இது. ஆனாலும் எந்தப் பட்டைக்குப் பக்கத்தில் எந்தப் பட்டை என்று வரும்போது அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்த 'பார்க்காமல் இருக்க முடியவில்லை' என்பதை விமர்சகர்கள் இரண்டு விதமாகத் தவறவிடுகிறார்கள்.

முதல் வகை, அருங்காட்சியக வகை. 2002ல் இந்த க்வில்ட்கள் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கியபோது, நியூயார்க் டைம்ஸின் மைக்கேல் கிம்மல்மேன் மத்தீஸையும் பால் க்ளீயையும் துணைக்கு அழைத்தார். பெரிய பாராட்டு, சந்தேகமில்லை. அந்தப் பாராட்டு இல்லாமல் எனக்கு இந்த ஊரின் பெயரே தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஒப்பீடு குளிரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரச்சொல்கிறது. 2018 கோடையில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் க்வில்ட்களை முதல்முறையாக நேரில் பார்த்தேன். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே ஏசி. மேல்சட்டை இல்லாமல் போயிருந்தேன், அரைமணி நேரத்தில் கை சில்லிட்டுவிட்டது. எதிரே சுவர் முழுக்கப் போர்வைகள், தொடக்கூடாது என்ற அறிவிப்போடு.

இரண்டாவது வகை, இரக்க வகை. இவர்கள் ரோத்ஸ்டைனின் படங்களிலிருந்து தொடங்குவார்கள். ஐயோ பாவம், கந்தலைக்கூட வீணாக்காமல் போர்வை செய்தார்களே, இதைப் போய் கலை என்று சுவரில் மாட்டுகிறீர்களே, இது வாழ்க்கை அல்லவா என்பார்கள். இந்தக் கட்சியின்மேல் எனக்கு ரொம்ப நாள் சாய்வு இருந்தது. சகபொறியாளரின் கேள்விக்குப் பிறகு முழுதாகவே அதில் சேர்ந்திருந்தேன். க்வில்ட்டைக் கட்டிலில் விரித்துத்தான் பார்க்க வேண்டும், செங்குத்தாகத் தொங்கவிடுவதே வன்முறை என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன்.

அந்த வாதத்தை உடைத்தது ஒரு சின்னத் தகவல். ஜீஸ் பெண்டில் முகத்துணியைப் பெண்கள் பெரும்பாலும் அவரவர் வீட்டில் தனியாகத்தான் அமைப்பார்கள். சட்டத்தில் கட்டி நூலோட்டும்போது மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள், பாட்டும் பேச்சுமாக. குளிர் போய் வசந்தம் வந்ததும் எல்லாப் போர்வைகளையும் வெளியே எடுத்துக் கொடியிலும் வேலியிலும் காயப்போடுவார்கள். அப்போது தெருவில் நடந்துபோகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். யார் என்ன செய்திருக்கிறாள், எந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம் என்று. வழக்கமான மாதிரிக்கு அடங்காமல் தன் போக்கில் தைத்ததை 'மை வே', என் வழி, என்றே அவர்கள் அழைத்தார்கள்.

அதாவது, விட்னிக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. செங்குத்தாகத்தான் தொங்கியது. பார்வையாளர்கள் வந்தார்கள், ஒப்பிட்டார்கள், கடன்வாங்கினார்கள், பொறாமையும் பட்டிருப்பார்கள். முழுக் குளிர்காலமும் அதைப் போர்த்தித் தூங்கியவர்களே அதன் விமர்சகர்கள். எது கனம், எது குளிரைத் தாங்கும், எது கண்ணுக்கு நிறைவு என்று ஒரே நேரத்தில் தெரிந்தவர்கள். போர்வையா கலையா என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பழசாகி நைந்த க்வில்ட்டைக் கொசு விரட்டப் புகைபோடவும் செய்தார்கள். அதுவும் அந்தப் பொருளின் வாழ்க்கையில் ஒரு பகுதி, நமக்குத்தான் வயிறு எரிகிறது.

என் ஸ்லைடுக்கு எதிரான மிக வலுவான சாட்சியும் அந்த ஊரிலேயே இருக்கிறது. 1966ல், குடியுரிமைப் போராட்டத்தின் நடுவில், அங்கும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த பெண்கள் 'ஃப்ரீடம் க்வில்டிங் பீ' என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்தவர்கள் இருந்த காலம். ஆற்றைத் தாண்டி கேம்டன் நகரத்துக்குப் போகும் படகை 1962லேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். அது திரும்ப ஓடியது 2006ல். கூட்டுறவுக்குக் கைப்பணம் வந்தது, ஆனால் கடைகளுக்கு ஒவ்வொன்றும் அச்சு அசலாக ஒரே மாதிரி வேண்டும். 1972ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அளவு, நிறம், தையல் எல்லாம் அவர்கள் சொன்னபடி.

கட்டுப்பாடு படைப்பூக்கத்தின் தாய் என்றால், இத்தனை கட்டுப்பாட்டில் பிறந்த அந்த உறைகள் அல்லவா அற்புதமாக இருந்திருக்க வேண்டும்? யாரும் அவற்றைத் தேடிப் போகவில்லை. அற்புதமானவை, வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் அதே பெண்கள் அதே கைகளால் தைத்தவை. அங்கே துணியைத் தவிர வேறெதுவும் சியர்ஸுடையது இல்லை. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் எழுபதுகளின் கார்டுராய் க்வில்ட்கள் பலவும் அப்படிப் பிறந்தவை.

கட்டுப்பாடு பொருளைக் கொடுத்தது, கெடுவைக் கொடுத்தது, அலுப்பையும் கொடுத்தது. வடிவத்தைக் கொடுக்கவில்லை. அது, வேறெதுவும் தன் கையில் இல்லாத ஒருவர் தன் கையில் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த ஒரே முடிவு. வறுமையிலும் கலை என்று வியப்பதும், வறுமையால் கலை என்று வியப்பதும் அந்த முடிவை எடுத்தவரிடமிருந்து பிடுங்கி, அவரை வதைத்த ஒன்றின் கணக்கில் வரவு வைக்கிறது. 1932ல் சோளத்தை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

பிடுங்குவது உருவகம் மட்டுமல்ல. க்வில்ட்கள் புகழ்பெற்றன, விலை ஏறியது, 2006ல் அஞ்சல்தலைகளாகக்கூட வந்தன. 2007ல் தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று ஆனி மே யங்கும் லொரெட்டா பெட்வேயும் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த வருடம் அது சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் என் ஸ்லைடில் இருந்தது அந்த ஆனி மே யங்கின் க்வில்ட். நானும் ஓசியில் எடுத்துத்தான் போட்டேன். பாதி ஆட்களை அனுப்பிவிட்டு மீதியிடம் முழு வேலை வாங்குவதற்கு அவர் தைத்ததைச் சாட்சிக்கு அழைத்தேன்.

சென்ற டிசம்பரில் அந்த சகபொறியாளரிடம் இதையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் அசட்டுத்தனத்தோடு. அவர் சிரித்தார். அவரிடமும் ஒரு க்வில்ட் இருக்கிறதாம். ஜீஸ் பெண்டில் தைத்தது இல்லை, பக்கத்து மாவட்டத்தில் அவருடைய பாட்டி தைத்தது. போனில் படம் காட்டினார். சோபாவின்மேல் கசங்கிக் கிடந்தது, ஓரத்தில் நாயின் வால் தெரிந்தது. நான் என் வழக்கப்படி நிறத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவர் படத்தைப் பெரிதாக்கி ஒரு மூலையைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் சாம்பலும் பழுப்புமாக இருக்க, அந்த ஒரு மூலையில் மட்டும் மஞ்சள்.

"துணி தீர்ந்துபோய் இதை வெச்சுத் தெச்சாங்களான்னு ஒருதரம் கேட்டேன்" என்றார். "இல்லடி, அது கால் பக்கம் வராம தலை பக்கம் வரணும்னு அடையாளம்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்த இடத்துல மஞ்சள் வேணும்னு தோணிச்சு, அவ்ளோதான்னாங்க."

"இன்னும் போர்த்திக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"குளிர்ந்தா" என்றார்.